ஆடு உரிக்க ஹன்டிங் நைஃப் சரிப்படுமா? எந்தக் கத்தி வாங்கலாம்?

செங்கை_பண்ணை கேட்டது:

மதுராந்தகம் பக்கம் சின்ன ஆட்டுப் பண்ணை. தலைச்சேரி, நாட்டாடு சேர்த்து 30 உருப்படி. ஆடி மாசக் கிடாவெட்டு, பக்ரீத் சமயத்துல வாங்க வர்றவங்க, "இங்கேயே உரிச்சு சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க"ன்னு கேட்கிறாங்க. கறி வெட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கார். கத்திதான் சரியா அமையலை.

ஆன்லைன்ல தேடினா மான் உரிக்கறதுக்குன்னே செஞ்ச ஹன்டிங் நைஃப் வருது. 4 இன்ச் பிளேடு, முதுகுப் பக்கம் முனைகிட்ட ஒரு கொக்கி, தோல் உறை. மான் சைஸும் ஆட்டு சைஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, அப்போ இதையே ஆட்டுக்கும் வெச்சுக்கலாமா? இல்லைன்னா பாரிமுனைல போய் என்ன கேட்டு வாங்கணும்? மொத்தமா 6,000 ரூபாய் வரைக்கும் போடலாம். தோலையும் விக்கிறதா இருக்கோம், அதனால அதுவும் கெடக்கூடாது.

---

புளியங்கட்டை சொன்னது:

மான் கத்தி மோசமான கத்தி இல்லை. ஆனா அது வேற வேலைக்குப் பிறந்தது. அமெரிக்காவுல வெள்ளைவால் மான் சுடறவர் காட்டுக்குள்ள ஒரே ஒரு கத்தியோட போறார். அந்த ஒண்ணுலயே வயிறு திறக்கணும், மூட்டு பிரிக்கணும், தோலும் உரிக்கணும், நாள் முழுக்க இடுப்புலயும் தொங்கணும். அதான் பிளேடு குட்டை, முதுகு 4 மிமீ தடிமன். உங்க ஆடு கொக்கியில தொங்குது, பக்கத்துல குழாய்த் தண்ணி, மேஜை எல்லாம் இருக்கு. ஒரே கத்தியில எல்லாத்தையும் முடிக்கணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை. 4 மிமீ முதுகு தோலுக்கும் கறிக்கும் நடுவுல ஆப்பு மாதிரி போகும், வழுக்கிப் போகாது.

வாங்க வேண்டியது மூணு. முதல்ல உரிக்கிற கத்தி: 5 அல்லது 6 இன்ச், முதுகு 2 முதல் 2.5 மிமீ, வாய்ப்பக்கம், அதாவது வெட்டற ஓரம், நல்லா வளைஞ்சு வயிறு மாதிரி இருக்கணும். முனை ஊசியா இருக்கக்கூடாது, மேல தூக்கி உருண்டிருக்கணும். ஊசி முனைதான் தோல்ல ஓட்டை போடும். ரெண்டாவது போனிங் கத்தி: 6 இன்ச், ஒடுக்கமா, கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிறது. மூட்டைப் பிரிக்க, தொடையில எலும்பெடுக்க, ஆசனவாயைச் சுத்தி அறுக்க இதுதான். மூணாவது வெட்டுக்கத்தி, 700 முதல் 900 கிராம். அதை ஆன்லைன்ல வாங்காதீங்க, கொல்லர்கிட்ட அடிச்சு வாங்குங்க. கழுத்து அறுக்கிறதுக்கு 9, 10 இன்ச் நேர்க்கத்தி தனியா இருக்கணும். உரிக்கிற கத்தியை அதுக்கு எடுத்தா நீளமும் பத்தாது, ஆட்டுக்கும் வேதனை.

கத்தியை எங்கே வைக்கணும்ங்கறதை விட எங்கே கீழே போடணும்ங்கறதுதான் உரிக்கிற தொழில். குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவுல கொக்கி போட்டுத் தலைகீழாத் தொங்கவிடுங்க. பின்னங்கால் முட்டிகிட்ட தோலைச் சுத்தி ஒரு கீறல். அங்கிருந்து தொடை உள்பக்கமா ஆசனவாய் வரைக்கும் ஒரு கோடு, அடுத்த கால்லயும் அதே மாதிரி. அப்புறம் வயித்து நடுவுல நெஞ்சு வரைக்கும். கோடு இழுக்கும்போது கத்தியைத் தோலுக்கு அடியில விட்டு வாயை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்புங்க. மேலிருந்து அழுத்தி அறுத்தா மயிர் வெட்டுப்பட்டுக் கறியில ஒட்டும். அந்த மயிரை எத்தனை தண்ணி ஊத்தினாலும் எடுக்க முடியாது.

தொடைத் தோல் கையளவு பிரிஞ்சதும் கத்தியைக் கீழே வெச்சிடுங்க. ஒரு கையால தோலை இழுத்துப் பிடிச்சு, இன்னொரு கையை முட்டி மடக்கித் தோலுக்கும் சவ்வுக்கும் நடுவுல குத்தித் தள்ளணும். விலாவும் முதுகும் இதுலயே கழண்டு வரும். அறுத்த சூடு ஆறறதுக்குள்ள செஞ்சா சுலபம், ஆறிப் போனா தோல் பிடிச்சுக்கும். திரும்பக் கத்தி எடுக்கிற இடம் நாலுதான்: வால் அடி, நெஞ்செலும்பு மேல, முன்னங்கால் முட்டி, கழுத்து. அங்கேயும் வாய் தோலைப் பார்க்கக்கூடாது, கறிப்பக்கமும் ரொம்பச் சாயக்கூடாது, நடுவுல வெள்ளையாத் தெரியற சவ்வுலதான் ஓடணும்.

சைக்கிள் பம்பு வெச்சுக் காத்தடிச்சுத் தோலைத் தூக்கறவங்க உண்டு. வேண்டாம். பம்புல இருக்கிற தூசியும் கிருமியும் கறி முழுக்கப் பரவும்.

---

மெட்ராஸ்_வெயில் சொன்னது:

அண்ணே, மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா ஹன்டிங் நைஃப் முதுகுல இருக்கிற கொக்கியை மட்டும் அவ்வளவு சுலபமாத் தள்ளிட முடியாது. புதுசா கத்தி பிடிக்கிறவங்க வயிறு திறக்கும்போதுதான் இரைப்பையைக் குத்திடறாங்க. கொக்கி இருந்தா முனை உள்ளே போகாது, ஜிப் திறக்கிற மாதிரி சவ்வை மட்டும் கிழிச்சுட்டு வரும்.

---

புளியங்கட்டை சொன்னது:

கொக்கி மழுங்கினா என்ன பண்ணுவீங்க? அந்த வளைவுக்குள்ள சாணைக்கல் நுழையாது. மெல்லிசான உருட்டு அரமோ, குச்சியில சுத்தின உப்புத்தாளோ வேணும். பத்து ஆட்டுக்குள்ள மயிரும் கொழுப்பும் அதுல அடைச்சுக்கும். கழுவ எடுக்கிற நேரத்துல அடுத்த ஆட்டை உரிச்சிடலாம்.

ரெண்டு விரல் போதும். தொடைகளுக்கு நடுவுல, வயித்துச் சுவர்ல விரல் நுழையற அளவு சின்னதா ஒரு கீறல். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு "வி" மாதிரி விரிச்சு வயித்துச் சுவரை உங்க பக்கம் இழுங்க. கத்தியை அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல, வாய் வெளியே பார்க்க வெச்சுக் கீழே இறக்குங்க. விரல்தான் குடலைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போகுது. அப்படியும் பயமா இருந்தா முனையில உருண்டை வெச்ச குடல் திறக்கிற கத்தின்னு தனியா விக்குது, அது கொக்கியை விட நல்லது.

இரைப்பை கிழியறதுக்குப் பாதிக் காரணம் கத்தி இல்லை, வயிறு நிறைஞ்சிருக்கிறதுதான். முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து தீனியை நிறுத்திட்டுத் தண்ணி மட்டும் காட்டுங்க. திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு முடிச்சுப் போடணும். ஆசனவாயைச் சுத்தி அறுத்து வெளியே இழுத்து நூலால ஒண்ணு, கழுத்துல உணவுக்குழாயை மூச்சுக்குழாய்ல இருந்து பிரிச்சு இன்னொண்ணு. இது இல்லாம ஆட்டைத் தொங்கவிட்டா அசை போட்டது கழுத்து வழியா வழிஞ்சு தலைக்கறி கெடும். மூத்திரப்பையை அதோட கழுத்துல கிள்ளிப் பிடிச்சு அறுங்க. பித்தப்பையை ஈரல்ல இருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கிற ஈரல் கொஞ்சம் போனாலும் பரவாயில்லைன்னு சேர்த்தே அறுங்க. பித்தம் பட்ட ஈரலைக் கழுவித் தின்ன முடியாது.

இவ்வளவுக்கும் மீறிச் சாணித்தண்ணி கறியில பட்டா உடனே குழாயைத் திறக்காதீங்க. தண்ணி அதைப் பக்கத்துக் கறிக்கும் இழுத்துட்டுப் போகும். பட்ட இடத்தைச் சீவி எறிங்க, கத்தியைக் கழுவிக் கொதிக்கிற சூட்டுத் தண்ணியில முக்கிட்டு அடுத்த வேலையைப் பாருங்க. கசாப்புக்கூடங்கள்ல கத்தி முக்கற தண்ணிக்கு 82 டிகிரின்னு கணக்கு. ஒரு கத்தி தண்ணியில கிடக்கட்டும், ஒண்ணு கையில இருக்கட்டும். அதனால உரிக்கிற கத்தியை மட்டும் ரெண்டா வாங்குங்க.

---

உலைக்களம் சொன்னது:

கத்தி விளம்பரத்துல "சூப்பர் ஸ்டீல்"னு போட்டா மயங்க வேண்டாம். டி2, எஸ்30வி மாதிரி இரும்பெல்லாம், கடினத்தை அளக்கற ராக்வெல் கணக்குல 60 பக்கம். கூர் நாள்பட நிக்கும், உண்மை. ஆனா மழுங்கினா சாதாரணக் கல்லுல லேசுல ஏறாது, வைரக்கல் இருந்தா நல்லது. பக்கவாட்டுல எலும்புல இடிச்சா வாய் பொடிப்பொடியாச் சில்லு தெறிக்கும், கறிக்குள்ள இரும்புச் சில்லு போகும். கசாப்புக் கத்தி செய்யற விக்டோரினாக்ஸ், எஃப். டிக், கீசர் எல்லாம் வேணும்னேதான் 55, 57-ல நிறுத்தறாங்க. அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். எலும்புல பட்டா உடையாது, வாய் ஓரமா மடியும். மடிஞ்சதைத் தீட்டுக்கம்பியில நாலு இழுப்பு இழுத்தா நிமிர்ந்துடும். நாள் முழுக்க அறுக்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

பணம் கம்மின்னா மோரா கம்பேனியன் ஸ்டெயின்லெஸ் கத்தியும் தேறும். பிளேடு 104 மிமீ, முதுகு 2.5 மிமீ. உரிக்கிற வளைவு குறைவு, ஆனா இதே காசுக்கு வர்ற கொக்கி வெச்ச சீனக் கத்தியோட ஒப்பிட்டா எவ்வளவோ மேல். மடக்குக் கத்தி எதுவும் வேண்டாம். கீல் இடுக்குல ரத்தமும் கொழுப்பும் புகுந்து அழுகும், பிரிச்சுக் கழுவ முடியாது.

பிடி ரொம்ப முக்கியம். கொழுப்பு பட்ட கை கண்ணாடி மாதிரி வழுக்கும். பளபளப்பான மரப்பிடி, மான்கொம்புப் பிடி, பித்தளைப் பூண் எல்லாம் அலமாரியில வைக்க அழகு. சொரசொரப்பான வார்ப்பு பிளாஸ்டிக் பிடி, முன்னாடி விரல் வழுக்கி வாய் மேல போகாம தடுக்கிற தடுப்பு, இது ரெண்டும் இருக்கான்னு பாருங்க. கடையில கையில கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பிடிச்சுப் பாருங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வெட்டுக்கத்திக்கு லாரி ஸ்பிரிங் பட்டைதான் நம்ம ஊர்ல வழக்கம், நல்ல இரும்புதான். கெடறது தோய்ச்சல்லதான், அதாவது காய்ச்சின இரும்பைச் சட்டுனு ஆற வைக்கறதுல. பட்டையைக் காந்தம் ஒட்டாத சூடு வரைக்கும் காய்ச்சி, எண்ணெய்ல தோய்க்கணும். பச்சைத் தண்ணியில தோய்ச்சா மயிரிழை விரிசல் விடும், அன்னிக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஒரு மாசம் கழிச்சுத் தொடை எலும்புல ஓங்கி வெட்டும்போது ஓரம் பிறை மாதிரி பேர்ந்து விழும். தோய்ச்ச பிறகு 200, 250 டிகிரி சூட்டுல திரும்பப் பதம் போடணும். இரும்பு வைக்கோல் நிறத்துல இருந்து லேசா பழுப்புக்குத் திரும்பற நேரம் அது. "பதம் போட்டீங்களா"ன்னு கேளுங்க. அரம் வெச்சு வாயை லேசா ராவிப் பாருங்க: அரம் வழுக்கிட்டே போனா பதம் போடலை, வெண்ணெய் மாதிரி கடிச்சா தோய்ச்சலே ஏறலை. கொஞ்சம் எதிர்த்துட்டுக் கடிக்கணும்.

சாணைக்கு வர்றேன். கல்லுல கத்தியைச் சாய்ச்சுப் பிடிக்கிற கோணம், உரிக்கிற கத்திக்கு ஒரு பக்கம் 18, 20 டிகிரி. 20 டிகிரின்னா எவ்வளவுன்னு கைக்குத் தெரியாதவங்க, 90-ல பாதி 45, அதுல பாதிக்குக் கொஞ்சம் கீழேன்னு வெச்சுக்கலாம். வெட்டுக்கத்திக்கு 25, 30. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 நம்பர் (நம்பர் ஏற ஏறக் கல் நைஸ்) இருக்கிற, தண்ணியில நனைச்சுத் தீட்டற தண்ணிக்கல் ஒண்ணு போதும். 400-ல சில்லு எடுக்கிறது, 1000-ல கூர் ஏத்தறது. 5000, 8000 எல்லாம் இந்த வேலைக்கு வேண்டாம். கண்ணாடியா தீட்டின வாய் தோல்ல, நரம்புல வழுக்கும், 1000-ல நிறுத்தின வாய் நல்லாக் கடிக்கும். தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுத்தா பக்கத்துலயே நில்லுங்க. தீப்பொறி பறக்க ஒரே இடத்துல அழுத்தி வாய் ஓரம் நீலமா மாறினா, அந்த இடத்துல பதம் போச்சு. அதுக்கப்புறம் எத்தனை தீட்டினாலும் ரெண்டு ஆட்டுக்கு மேல நிக்காது. வெட்டுக்கத்தியை அவர்கிட்ட குடுக்கலாம், மெல்லிசான கத்தியைக் குடுக்காதீங்க.

---

பெரியமேடு_தோல் சொன்னது:

தோலை விற்பதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன். உரிக்கும்போது உள்பக்கம் கத்தி பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மயிரும் சவ்வும் அதை மறைத்துவிடும். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்து, பலகையில் விரித்த பிறகுதான் ஒவ்வொரு கீறலும் கோடு கோடாக எழும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டுபவர் ஒதுக்கிவிடலாம். பாதி ஆழத்துக்குப் போன கீறல்தான் உண்மையான தொல்லை. ஓட்டையாகத் தெரியாது, ஆனால் இழுத்துத் தைக்கும்போது அங்கேதான் கிழியும். தோலில் விலை கிடைக்கும் பாகம் முதுகின் நடுவும் இடுப்பும். கத்தி படவே கூடாத இடமும் அதுவே. மேலே ஒருவர் சொன்னதுபோல அங்கே மடக்கிய கை முட்டிதான் வேலை செய்ய வேண்டும்.

வயிற்றுக் கோடு நேராக நடுவில் போக வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் விரித்த தோல் கோணலாகி, ஒரு பக்கம் வயிற்றுத் தோல் தொங்கும், இன்னொரு பக்கம் பயனுள்ள பாகம் போய்விடும்.

உரித்த தோலைக் குவித்து வைக்காதீர்கள். நம் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உப்பு ஏற வேண்டும். இல்லாவிட்டால் மயிர் கையோடு வரும், அதன் பிறகு அந்தத் தோலுக்கு மீட்சி இல்லை. ஒட்டிய கறி, கொழுப்பை எடுத்துவிட்டு, உள்பக்கம் மேலே தெரிய விரித்து, தோல் எடையில் 40 சதவீதம் உப்பு தேயுங்கள். 2 கிலோ தோலுக்கு 800 கிராம். பொடி உப்பும் வேண்டாம், பெரிய கல்லுப்பும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் உடைத்த உப்பு. பொடி உப்பு உருகி ஓடிவிடும், பெரிய கல் எல்லா இடமும் படியாது. கால் மடிப்பு, கழுத்து, ஓரம் மறக்கக் கூடாது. வெயிலில் காய வைத்தால் மேல்பக்கம் மட்டும் இறுகி உள்ளே அழுகும், நிழலில் சரிவாக வைத்துத் தண்ணீர் வடிய விடுங்கள். பெரியமேட்டில் தோல் வாங்குபவர் முதலில் மயிரை இழுத்துப் பார்ப்பார், அடுத்து உள்பக்கத்தைத் தடவுவார். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.

கிடாவெட்டுக்குத் தோலோடு வாட்டிக் கேட்பவர்களுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அங்கே மயிரைச் சுரண்ட ஒரு பழைய நேர்க்கத்தியின் முதுகே போதும்.

---

செங்கை_பண்ணை கேட்டது:

எல்லாருக்கும் நன்றிங்க. அப்போ உரிக்கிற கத்தி 2, போனிங் 1, தண்ணிக்கல், தீட்டுக்கம்பி, வெட்டுக்கத்தியைக் கொல்லர்கிட்ட. இன்னும் ரெண்டு சந்தேகம். பாரிமுனைல வாங்கி பஸ்ல எடுத்துட்டு வந்தா போலீஸ் பிடிப்பாங்களா? கைக்குக் கையுறை அவசியமா?

---

மெட்ராஸ்_வெயில் சொன்னது:

ஆயுத விதிகள்ல 9 இன்ச்சுக்கு மேல நீளம், இல்ல 2 இன்ச்சுக்கு மேல அகலம் இருக்கிற கத்தியைத்தான் ஆயுதம்னு சேர்த்திருக்காங்க. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சது அதுல வராது. உரிக்கிற கத்தியும் போனிங்கும் அளவுலயே தப்பிச்சிடும். வெட்டுக்கத்தி அகலம் 2 இன்ச்சைத் தாண்டும், ஆனா கறிக்கடைச் சாமான்னு பார்த்தாலே தெரியும். பில்லோட, அட்டையில சுத்தி, கயிறு கட்டி, பை அடியில வெச்சு எடுத்துட்டு வாங்க. இடுப்புல உறையோட ஹன்டிங் நைஃப் மாட்டிட்டுப் பஸ் ஏறினாதான் கேள்வி வரும். இன்னொண்ணு, இதைப் படிச்சுட்டு யாராவது மான் பக்கம் யோசிச்சா, 1972 வன உயிரினச் சட்டம் இருக்கு. கிண்டியில மான் வேலி ஓரம் மேயுதேன்னு பார்க்கிறதோட சரி.

அதை விட முக்கியம், சாப்பாட்டு விஷயத்துல பதிவு. ஒரு நாளைக்கு 10 சின்ன உருப்படி வரைக்கும்னா எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, அதுக்கு மேல லைசன்ஸ். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள்ள அங்கீகாரம் இல்லாத இடத்துல அறுக்கக்கூடாது, அதனால சென்னைக்குள்ள சொந்தக்காரர் வீட்டு மாடியில வெச்சுப் பண்ணித் தர்றேன்னு ஒத்துக்காதீங்க. சினை ஆடு, மூணு மாசத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டி ரெண்டையும் அறுக்க விதியில இடமில்லை.

---

புளியங்கட்டை சொன்னது:

கையுறை வேணும், ஆனா ரெண்டு கைக்கும் இல்லை. கத்தி பிடிக்காத கையிலதான் வெட்டு விழும். தோலை இழுத்துப் பிடிக்கிற கை அது. அதுக்கு வெட்டுத் தாங்கற கையுறை, அது மேல ஒரு ரப்பர் கையுறை. மேல ரப்பர் போடலைன்னா ரத்தம் ஊறி ரெண்டாவது ஆட்டுக்கே நாறும். கத்தி பிடிக்கிற கைக்கு ரப்பர் போதும். குத்தி இழுக்கும்போது முனையைத் தாங்கற கையுறைன்னு எதையும் நம்பாதீங்க. வெட்டைத் தாங்கறது வேற, குத்தைத் தாங்கறது வேற.

உதட்டுலயும் மூக்குலயும் புண்ணு இருக்கிற ஆட்டைத் தொடாதீங்க, அந்தப் புண் கைக்குத் தொத்தும். திடீர்னு தானா செத்து, மூக்குலயோ ஆசனவாய்லயோ உறையாத ரத்தம் வடியற ஆட்டைக் கத்தியாலத் திறக்கவே கூடாது. அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க.

---

உலைக்களம் சொன்னது:

ஒண்ணு விட்டுப் போச்சு. வேலை முடிஞ்சதும் கத்தியைத் தோல் உறையில போட்டு வைக்காதீங்க. உறை ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல இருக்கிற உப்பும் அதுல ஊறும். ஸ்டெயின்லெஸ்னு போட்டிருந்தாலும் நம்ம கடல் காத்துக்கு ஒரு மழைக்காலத்துலயே புள்ளி புள்ளியாத் துரு குத்தும். சோப்பு போட்டுக் கழுவி, துணியில துடைச்சு, சுவர்ல காந்தப் பட்டையோ மரச் சட்டமோ அடிச்சு மாட்டுங்க. கொல்லர் செஞ்ச வெட்டுக்கத்திக்கு மட்டும் தினமும் ஒரு சொட்டு தேங்காயெண்ணெய். அடுத்த நாள் எடுக்கும்போது எண்ணெயைத் துடைச்சிடுங்க, நாள்பட்ட எண்ணெய் சிக்கடிச்சு கறியில வாடை ஏறும்.